நிமிர்ந்து நிற்கக் கற்றுத்தரும் கொரியக் கலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்கு முட்டுக்காடு என்றால் படகுத்துறைதான் நினைவுக்கு வரும். 1984-ல் தொடங்கிய அந்தப் படகுக் குழாம், உப்பங்கழி, பாலம், அருகிலேயே தட்சிணசித்ரா. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வேறொரு முட்டுக்காடு இருக்கிறது. மீனவர் குப்பங்கள், இருளர் குடியிருப்புகள், காலனித் தெருக்கள் என்று விரியும் இந்தக் கரையோரத்துப் பிள்ளைகள் இப்போது கொரியச் சொற்களைப் பேசுகிறார்கள். கைப்பேசியில் பார்க்கும் தொடர்களிலிருந்து ‘அன்னியோங்ஹாசேயோ’ என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்ட பெண் பிள்ளைகள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். கொரியர்களும் அம்மாவை ‘ஒம்மா’ என்றும் அப்பாவை ‘அப்பா’ என்றும் அழைக்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு அத்தனை மகிழ்ச்சி.

கொரியா நமக்குத் தூரத்து நாடும் அல்ல. 1996-ல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் இந்தியா நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து, 1998-ல் சான்ட்ரோ காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன்பின் வந்த உதிரிபாக ஆலைகளுக்கு நம் ஊர் இளைஞர்கள் விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறிப் போகிறார்கள். 2006-ல் சென்னையில் இந்திய – கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையம் தொடங்கியது. இவற்றோடு கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளை உடை, இடுப்பில் வண்ணப் பட்டை, காதுக்கு மேலே எழும் கால். அதுதான் டேக்வாண்டோ.

“இது கராத்தேதானே சார்?” என்று கேட்காத மாணவர் இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலிலேயே ஒரு நாட்டின் அடிமை வரலாறும் விடுதலை வரலாறும் இருக்கிறது. அதற்குள் இன்னொரு வரலாறும் ஒளிந்திருக்கிறது. அது நம் சேரிகளின் கதையைப் போலவே இருக்கும்.

பெயர் பிறந்த கதை

கொரிய மொழியில் ‘டே’ என்றால் காலால் தாக்குவது. ‘க்வோன்’ என்றால் முஷ்டி. ‘டோ’ என்றால் நெறி அல்லது வழி. காலும் கையும் கொண்டு நடக்கும் நெறி என்று பொருள் கொள்ளலாம்.

பழங்காலக் கொரியாவில் தற்காப்புக் கலைகள் இருந்தன. கோகுர்யோ அரசர்களின் கால ஓவியங்களில் இருவர் எதிரெதிரே நின்று மோதும் காட்சி உண்டு. 1790-ல் மன்னர் ஜோங்ஜோவின் ஆணைப்படி போர்க்கலைகளைப் படங்களோடு விளக்கும் கையேடு ஒன்று தொகுக்கப்பட்டது. சியோல் நகரத்துச் சாமானிய மக்கள் ‘தேக்கியோன்’ என்ற கால் விளையாட்டை ஆடி வந்தார்கள். ஆனால் இவற்றிலிருந்து நேர்கோட்டில் இறங்கி வந்ததுதான் இன்றைய டேக்வாண்டோ என்று சொல்லிவிட முடியாது.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தது. அந்தக் காலத்தில் கொரிய இளைஞர்கள் பலர் படிப்புக்காக ஜப்பான் போனார்கள். அங்கே கராத்தே கற்றார்கள். அந்தக் கராத்தேவும் ஜப்பானின் சொந்தச் சரக்கு அல்ல. ஜப்பானியர் வென்று அடக்கிய ஒகினாவா தீவு மக்களின் கலை அது. ஊர் திரும்பிய கொரிய இளைஞர்கள் 1944-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சியோலில் பயிற்சிக் கூடங்களைத் திறந்தார்கள். சுங் டோ க்வான் அவற்றில் முதன்மையானது. நாடு விடுதலை அடைந்ததும், ஆண்டவர்களிடம் கற்ற கலையை அப்படியே வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. தங்கள் மரபின் கால் வீச்சைச் சேர்த்தார்கள். உதைகளை உயர்த்தினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள். 1955 ஏப்ரல் 11-ல் ராணுவத் தளபதி சோய் ஹோங் ஹி முன்மொழிந்த ‘டேக்வாண்டோ’ என்ற பெயர் ஏற்கப்பட்டது.

அடக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், ஆண்டவர்களின் கருவியையே கையில் எடுத்துத் தனக்கென்று மாற்றிக்கொண்ட கதை இது. ஆங்கிலக் கல்வியைப் பிடித்துக்கொண்டு மேலேறிய நம் முன்னோர்களின் கதையும் இப்படித்தான்.

விடுதலைப் போராட்டத்தை அவர்கள் உடம்பிலேயே எழுதி வைத்தார்கள். 1966-ல் சோய் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பின் பயிற்சி முறையில் ‘சாம்-இல்’ என்ற அசைவுத் தொகுப்பு உண்டு. அதில் 33 அசைவுகள். 1919 மார்ச் 1-ல் ஜப்பானுக்கு எதிராக விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரை அது குறிக்கிறது. தூக்கிலிடப்பட்ட விடுதலை வீரர் ஆன் ஜுங்-குன் பெயரிலும் ஒரு தொகுப்பு உண்டு. அதைக் கற்கும் பிள்ளை தன் நாட்டின் வரலாற்றைக் கால்களால் மனப்பாடம் செய்கிறது.

1972-ல் சியோலில் ‘குக்கிவோன்’ என்ற தலைமைக் கூடம் கட்டப்பட்டது. 1973-ல் உலகக் கூட்டமைப்பு உருவானது. அதே ஆண்டு முதல் உலகப் போட்டியும் நடந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சிப் போட்டியாக இருந்தது, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகச் சேர்ந்தது.

காஞ்சிபுரம் போதிதருமர் சீனாவுக்குப் போய்க் கற்றுக்கொடுத்ததுதான் இந்தக் கலைகள் எல்லாம் என்று சினிமா பார்த்த நம் பிள்ளைகள் சொல்வார்கள். போதிதருமரைச் சண்டைக் கலையோடு இணைக்கும் கதை, அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சீன நூலில்தான் வருகிறது. வரலாறாக அதை நிறுவ முடியாது. நம் பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. கொரியாவுக்கும் நமக்கும் இதைவிட ஆழமான உறவு வேறொன்று இருக்கிறது.

கொரியாவிலும் ஒரு சேரி இருந்தது

கொரியாவில் ‘பெக்ஜோங்’ என்று அழைக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். மாடு அறுப்பது, தோல் பதனிடுவது, கொடி வகைகளில் கூடை முடைவது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட தொழில்கள். ஊருக்கு வெளியே தனியாகத்தான் வாழ வேண்டும். ஓட்டு வீடு கட்டக் கூடாது. பட்டு உடுத்தக் கூடாது. மற்ற ஆண்கள் அணியும் தொப்பியை அணியக் கூடாது. திருமணமான பெண்கள் கொண்டைக்குக் குத்தும் ஊசியை இவர்கள் வீட்டுப் பெண்கள் குத்தக் கூடாது. கருணை, நேர்மை போன்ற உயர்ந்த பொருளுள்ள எழுத்துகளைப் பிள்ளைகளுக்குப் பெயராக வைக்கக் கூடாது. ஊர்ச் சிறுவன் வந்தாலும் பெக்ஜோங் முதியவர் குனிந்து வணங்க வேண்டும். அந்தச் சிறுவன் முதியவரை ஒருமையில்தான் அழைப்பான்.

படிக்கும்போது உங்கள் தாத்தா சொன்ன கதை நினைவுக்கு வருகிறதா? ஓட்டு வீட்டுக்குப் பதில் மாடி வீடு, தொப்பிக்குப் பதில் தோள் துண்டும் காலில் செருப்பும் என்று மாற்றிப் படித்தால், செங்கல்பட்டுக் கதையாகிவிடும்.

1894-ல் கொரிய அரசு சட்டப்படி இந்தப் பாகுபாட்டை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை ஊர் ஒழிக்கவில்லை. குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு அருகே சிவப்புப் புள்ளி வைத்து அடையாளம் காட்டினார்கள். 1909-ல் ஜின்ஜு நகரத் தேவாலயத்தில் பெக்ஜோங் மக்களை ஒன்றாக அமரவைத்து வழிபாடு நடத்தியபோது மற்றவர்கள் எழுந்து வெளியேறினார்கள்.

ஆனாலும் அந்த மக்கள் எழுந்தார்கள். பார்க் சோங்-சுன் என்ற பெக்ஜோங் 1898-ல் சியோலில் கூடிய பெருந்திரள் மக்கள் மன்றத்தில் மேடையேறிப் பேசினார். அவருடைய மகன் பார்க் சோ-யாங் 1908-ல் மேலை மருத்துவம் படித்துத் தேறி மருத்துவரானார். 1923 ஏப்ரலில் ஜின்ஜுவில் ‘ஹியோங்பியோங்சா’ என்ற அமைப்பு பிறந்தது. தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் அவமானப்பட்ட லீ ஹாக்-சான் என்ற பெக்ஜோங் தந்தையும், உயர்குடியில் பிறந்து சமத்துவத்தை ஏற்ற காங் சாங்-ஹோவும் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். ‘ஹியோங்’ என்றால் தராசு. இறைச்சி நிறுத்த தராசையே சமத்துவத்தின் சின்னமாக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1922-ல், ஜப்பானின் தீண்டப்படாத மக்களான புராகுமின்கள் ‘சுய்ஹெய்ஷா’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள்.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? இதே செங்கல்பட்டு மண்ணில், கோழியாளம் கிராமத்தில் 1859-ல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தலாம் என்பது அந்தத் தீர்மானம். 1927-ல் அம்பேத்கர் மகாத் குளத்தில் நீர் அருந்தினார். ஜின்ஜு, கியோட்டோ, சென்னை, மகாத் என்று சுமார் ஐந்தே ஆண்டுகளில் ஆசியாவின் நான்கு ஊர்களில் ஒரே குரல் கேட்டது.

இன்று கொரியாவில் பெக்ஜோங் என்று யாரையும் அடையாளம் காட்ட முடியாது. 1950 முதல் 1953 வரை நடந்த போர் ஊர்களைக் கலைத்துப் போட்டது. நிலச் சீர்திருத்தம் வந்தது. நகரங்கள் பெருகின. யார் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று கேட்க ஆள் இல்லாமல் போனது. நம் நாட்டில் அந்தக் கேள்வி இன்னும் சாகவில்லை. 1892-ல் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10-ல் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டது இதே மாவட்டத்துக் காரணைப் போராட்டத்தில்தான்.

இருவரும் வணங்கும் களம்

டேக்வாண்டோ நம் பிள்ளைகளுக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சிக் கூடத்துக்குள் நுழையும்போது பிள்ளை தலை தாழ்த்தி வணங்குகிறது. ஆசான் பதிலுக்கு வணங்குகிறார். போட்டியில் ‘சாரியோட்’ என்றால் நேராக நில். ‘கியோங்நே’ என்றால் வணங்கு. எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தலை தாழ்த்துகிறார்கள். அதன்பிறகே ‘ஷிஜாக்’, தொடங்கு. ஒருவர் மட்டும் குனிய, மற்றவர் நிமிர்ந்து நிற்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில், இருவரும் சமமாகக் குனிந்து சமமாக நிமிர்வது சின்ன விஷயம் அல்ல.

பட்டையின் நிறமும் அப்படித்தான். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கடைசியில் கறுப்பு. நேற்று சேர்ந்த மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளைப் பட்டை. மூன்று ஆண்டு பயின்ற காலனிப் பிள்ளை நீலப் பட்டையோடு முன்வரிசையில் நிற்கிறது. பிறப்பால் வந்த வரிசை அங்கே செல்லாது, உழைப்பால் வந்த வரிசைதான் செல்லும். மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம் என்ற ஐந்தும் இந்தக் கலையின் நெறிகள். தன்னடக்கம் என்பது அடங்கிப் போவது அல்ல. கையில் பலம் இருந்தும் தேவையில்லாமல் ஓங்காதவருக்கே அந்தச் சொல் பொருந்தும்.

எளிய மக்களின் பதக்கம்

ஏழை நாடுகளுக்கு ஒலிம்பிக் கதவைத் திறந்துவிட்ட விளையாட்டுகளில் இது முக்கியமானது. ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2008-ல் பெய்ஜிங்கில் கிடைத்த வெண்கலம். அதை வென்ற ரொஹுல்லா நிக்பாய், நீண்ட காலமாக ஒடுக்கப்பட்டு வரும் ஹசாரா இனத்தவர். ஈரானில் அகதியாக வளர்ந்தவர். ஆப்பிரிக்காவின் கபோன் நாடு 2012-ல் தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை டேக்வாண்டோவில்தான் பெற்றது. 2016 ரியோவில் ஜோர்டானின் முதல் ஒலிம்பிக் பதக்கமும் ஐவரி கோஸ்ட்டின் முதல் தங்கமும் இதில் வந்தவை. அதே ரியோவில் கிமியா அலிசாதே ஈரானுக்காக ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் ஆனார். ஜோர்டானின் அஸ்ராக் அகதிகள் முகாமில் சிரியப் பிள்ளைகள் இன்றும் டேக்வாண்டோ பயில்கிறார்கள்.

காரணம் எளிது. நீச்சல் குளம் வேண்டாம், புல்வெளி மைதானம் வேண்டாம். தொடக்கப் பயிற்சிக்கு ஒரு களத்துமேடு போதும். போட்டி எடைப் பிரிவுகளாக நடக்கிறது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 49 கிலோ. ஒல்லியாக இருக்கிற பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. புள்ளிக் கணக்கும் காலுக்கே சாதகம். உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் இன்னும் 2 புள்ளி கூடும். மார்புக் கவசத்தில் மின்னணுக் கருவி இருப்பதால் நடுவர் கண்ணை மூடிக்கொண்டாலும் புள்ளி விழும். யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

இந்தியாவுக்கு இக்கலையை 1975-ல் கொண்டு வந்தவராக ஜிம்மி ஜக்தியானி அறியப்படுகிறார். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் சுரேந்திர பண்டாரி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் டேக்வாண்டோ முதன்முதலாகச் சேர்ந்தது டோக்கியோவில். அங்கே இந்தியாவின் சார்பில் களமிறங்கியவர் ஹரியானாவைச் சேர்ந்த அருணா தன்வார். கைகளில் குறைபாடு உள்ளவர்கள் மோதும் போட்டி அது. தலையில் உதைக்க அனுமதி இல்லை. 2005 முதல் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்கும் ஊர் நம் முட்டுக்காடு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்ற கிராமத்துப் பெற்றோர் அருணாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நல்லதைச் சொல்லும்போது கெட்டதையும் சொல்லிவிட வேண்டும். டேக்வாண்டோ இலவசமாக வருவதில்லை. மாதக் கட்டணம், உடை, ஒவ்வொரு பட்டைத் தேர்வுக்கும் தனிக் கட்டணம், கவசம், வெளியூர்ப் போட்டிக்குப் பயணச் செலவு. ஆறு மாதத்தில் கறுப்புப் பட்டை தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒழுங்காகப் பயின்றால் அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். கறுப்புப் பட்டைச் சான்றிதழ் குக்கிவோனில் பதிவானதா என்று கேளுங்கள். இந்தியாவில் இந்த விளையாட்டின் சங்கங்களுக்குள் நீண்ட காலமாகவே போட்டியும் வழக்கும் உண்டு. பிள்ளை வாங்கிவரும் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் செல்லுமா என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. உங்கள் பள்ளியில் அது நடக்கிறதா, முழு மூன்று மாதமும் நடக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை.

“நம் சிலம்பம் இருக்கக் கொரியக் கலை எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நம் தெருக்களில் எத்தனையோ சிலம்ப ஆசான்கள் இருந்தார்கள். பொதுத் தெருவில் கம்பு சுற்ற அனுமதி கிடைக்காமல், சேரிக்குள்ளேயே சுற்றிச் சேரிக்குள்ளேயே மறைந்தவர்கள் அவர்கள். இன்று சிலம்பமும் அரசின் 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம்பெற்றிருக்கிறது. பறையடித்த வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. இழிவென்று ஒதுக்கியதை மதிப்புள்ளதாக மாற்றும் வேலையைத்தான் கொரியர்களும் செய்தார்கள். கம்பும் கற்கலாம், காலும் கற்கலாம். ஒன்று மற்றொன்றுக்குப் பகை இல்லை.

ஆனால் கற்க ஓர் இடம் வேண்டும். நம் காலனிகளில் சமுதாயக் கூடங்கள் கட்டிக் கிடக்கின்றன. பல கூடங்கள் ஆண்டில் பாதி நாள் பூட்டியே இருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் மாணவர்களே எழுந்து நின்று ஒரு தீர்மானம் கேட்கலாம். மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை கூடத்தைத் திறந்துவிடுங்கள், ஒரு விளக்குப் போடுங்கள், பயிற்சி தர ஓர் ஆசானை ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டால் போதும். நூறு ஆண்டுக்கு முன் ஜின்ஜுவில் ஒரு தந்தை தன் பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் இடம் கேட்டார். இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையில் நடக்க வழி கேட்டார். நம் பிள்ளைகள் இன்று கேட்பது பூட்டிக் கிடக்கும் ஒரு கூடத்தின் சாவியை மட்டும்தான்.